தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமை: அரசு கொடுத்ததா, கேட்டு வாங்கியதா?

நீங்கள் கேட்டது இது: “அமெரிக்காவில் 1977ல் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் அரசுக் கட்டடத்துக்குள் வாரக்கணக்கில் உட்கார்ந்து உரிமை வாங்கினார்கள் என்று படித்தேன். தமிழ்நாட்டில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா? இல்லை, இங்கே எல்லாமே அரசு பார்த்துக் கொடுத்ததுதானா?” முதல் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவது பாதியைத்தான் என்று நினைக்கிறேன். மாதாமாதம் வரும் உதவித்தொகையும் கையிலிருக்கும் பஸ் பாஸும் யாரால் வந்தன, நாளைக்கு அதை யாராவது நிறுத்தினால் நாம் எதைக் காட்டிக் கேட்பது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. நான் சிறு வயதில் போலியோ வந்து, காலைத் தாங்கும் இரும்புச் சட்டமான காலிப்பர் போட்டு நடப்பவன். தென்மாவட்டம் ஒன்றில் பல வருடங்களாகச் சங்க வேலை பார்க்கிறேன். மனு எழுதுவது, மருத்துவச் சான்றிதழ் முகாமுக்கு ஆட்களைக் கூட்டிப் போவது, அரசாணையைத் தேடி எடுத்து அதிகாரியின் மேசையில் வைப்பது, இதுதான் வேலை. அந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இது ஒரே இயக்கமாகப் பிறக்கவில்லை. ஒரு தலைவர், ஒரு தொடக்க நாள், ஒரு கொடி என்று எதையும் காட்ட முடியாது. பார்வையற்ற பட்டதாரிகள் ஒரு பக்கம், மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் ஒரு பக்கம், கைகால் பாதிக்கப்பட்ட கிராமத்து ஏழைகள் ஒரு பக்கம், சென்னையில் நீதிமன்றப் படியேறியவர்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாகக் கிளம்பி, சில இடங்களில் சேர்ந்து, சில இடங்களில் முட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோமோ அந்தப் பக்கம்தான் பெரிதாகத் தெரியும். நான் எழுதுவதற்கும் அது பொருந்தும்.

தொடக்கம் பள்ளிக்கூடங்களில். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாளையங்கோட்டையில் அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் காதுகேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். இரண்டுமே மிஷன் பள்ளிகள். கருணையின் பெயரால் நடந்தவைதான். உரிமை என்ற பேச்சு அங்கே கிடையாது. ஆனால் நம் பக்கத்து ஊர்களில் வீட்டுத் திண்ணையோடு முடங்கிப் போயிருக்க வேண்டியவர்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்து, எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தது அந்தப் பள்ளிகள்தான். பிற்காலத்தில் சங்கம் வைத்தவர்களில் விடுதிப் பள்ளிகளில் படித்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். தன்னைப் போல் இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று ஒருவர் பத்து வயதிலேயே தெரிந்துகொள்வது சாதாரண விஷயம் இல்லை.

அடுத்து வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானபோது அதை முன்நின்று நடத்தியவர் அவரே. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981ல் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் கதையும் இதே வகை. கடற்படை அதிகாரித் தேர்வின் உடற்பயிற்சியில் 1975ல் கழுத்தெலும்பு நொறுங்கிக் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் அவர். இவர்கள் யாரும் கோஷம் போட்டவர்கள் இல்லை. ஆனால் ஒரு நிறுவனத்தை நடத்துகிறவரே சக்கர நாற்காலியில் இருப்பதை மக்கள் நேரில் பார்த்தது இங்கேதான். நம்மை வைத்து வேறு யாரோ நடத்துவது என்ற நிலையிலிருந்து நாமே நடத்துவது என்ற நிலைக்கு வந்ததை, எந்தச் சட்டத்துக்கும் குறையாத மாற்றமாக நான் நினைக்கிறேன்.

இனி அரசு. நியாயமாகச் சொன்னால், தமிழ்நாடு அரசு பல மாநிலங்களுக்கு முன்பே கையை நீட்டியது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974லேயே இங்கே வந்துவிட்டது. மத்திய அரசு 1977ல் சி, டி பிரிவு எனப்படும் கீழ்நிலை அரசு வேலைகளில் 3 சதவீதம் ஒதுக்கியது. ஆக, “அரசு பார்த்துக் கொடுத்தது” என்று நீங்கள் எழுதியதில் உண்மை இருக்கிறது. ஆனால் இவையெல்லாம் அரசாணைகள். அரசாணை போட்ட கையால் அதை நிறுத்தவும் முடியும். அதைவிட முக்கியமாக, போட்டுவிட்டு மறந்துவிடவும் முடியும். ஒதுக்கீடு என்று காகிதத்தில் இருக்கும், “இந்தப் பணியிடம் உங்களுக்கு உகந்ததல்ல” என்று ஒரு குறிப்பு எழுதி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இயக்கம் என்று நான் சொல்வதன் பெரும்பகுதி இந்த இடைவெளியில் நடந்ததுதான். இல்லாததைக் கேட்டதைவிட, காகிதத்தில் இருந்ததைக் கேட்டு நடந்த போராட்டங்களே இங்கே அதிகம்.

நாட்டிலேயே முதலில் தெருவுக்கு வந்தவர்கள் பார்வையற்றோர். தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 1970ல் உருவானது. 1980 மார்ச் 16 அன்று டெல்லியில் வேலை கேட்டு ஊர்வலம் போன பார்வையற்றவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. வெள்ளைக் கோல் பிடித்தவர்கள் மீது லத்தி விழுந்த அந்த நாளைப் பார்வையற்றோர் அமைப்புகள் இன்றும் நினைவு வைத்திருக்கின்றன. அதே கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போய், குடிமைப் பணித் தேர்வைப் பிரெய்லிலோ, சொல்லச் சொல்ல எழுதித் தரும் எழுத்தர் துணையோடோ எழுதலாம் என்று 1993ல் தீர்ப்பு வாங்கியது. சென்னையைச் சேர்ந்த பெனோ செபின் 2015ல் முழுப் பார்வையற்ற முதல் வெளியுறவுப் பணி அதிகாரி ஆனபோது பத்திரிகைகள் அவருடைய விடாமுயற்சியைக் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவர் அந்தத் தேர்வு அறைக்குள் நுழைவதற்கான கதவை 22 வருடங்களுக்கு முன்பே சிலர் வழக்குப் போட்டுத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே பார்வையற்ற கல்லூரி மாணவர்கள் மற்றும் பட்டதாரிகள் சங்கம் சென்னைச் சாலைகளில் திரும்பத் திரும்ப மறியல் செய்துவருகிறது. 2024 பிப்ரவரியில்கூட நாள்கணக்கில் நடந்தது. கேட்டது புதிதாக ஒன்றுமில்லை. சட்டப்படி தங்களுக்கு உள்ள 1 சதவீத இடங்களை நிரப்புங்கள், நிரப்பாமல் விட்ட பின்னடைவுக் காலியிடங்களையும் சேர்த்து நிரப்புங்கள் என்பதுதான்.

1995 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 1996 பிப்ரவரி 7 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் பெரிய திருப்பம். மாற்றுத்திறனாளி உரிமைச் செயல்பாட்டாளர் ஜாவேத் அபிதி போன்றவர்கள் டெல்லியில் தெருவிலும் கட்சி அலுவலகங்களிலும் நின்று அதைக் கொண்டுவர வைத்தார்கள். ஏழு வகை குறைபாடுகள், 3 சதவீத ஒதுக்கீடு. ஆனால் அதைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: போக்குவரத்து, சாலை, கட்டடம் பற்றிய பிரிவுகளில் “பொருளாதாரத் திறனின் வரம்புக்கு உட்பட்டு” என்ற பொருளில் ஒரு தொடரைச் சொருகி வைத்திருந்தார்கள். சாய்தளம் கேட்டு மனுப் போட்டால், நிதி இல்லை என்று ஒரு வரியில் பதில் வரும். சட்டப்படி அந்தப் பதிலில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஒதுக்கீட்டிலும், எங்களுக்கு உகந்தவை என்று அடையாளம் காணப்பட்ட பணியிடங்களில் மட்டும்தான் 3 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் குறைத்தார்கள். மொத்தக் காலியிடங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது நேரானது. சட்டம் வந்ததற்கும் கணக்கு நேரானதற்கும் நடுவில் ஒரு தலைமுறைக்கு வேலை வயது கடந்துபோய்விட்டது. அவர்களில் பலரை எனக்குத் தெரியும். ஒதுக்கீடு இருந்தும் கிடைக்காமல், எஸ்.டி.டி. பூத் வைத்து, அதுவும் காலாவதியாகி, இப்போது பெட்டிக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏர்வாடியைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டின் கதையைச் சொல்ல முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவுக்கு அழைத்துவந்தால் குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் விட்டுச்சென்றவர்கள் அவர்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. இப்படிப்பட்ட இடங்களைக் கணக்கெடுக்கவும், ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு மனநல மருத்துவமனை இருப்பதை உறுதிசெய்யவும் உத்தரவிட்டது. 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகவே தடை செய்கிறது. இங்கே எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தீயும் சாவும் நீதிமன்ற உத்தரவும் உறுதி. ஏர்வாடியால்தான் 2017 சட்டம் வந்தது என்று சிலர் சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கைக்கு அதில் நேரடியான பங்கு இருக்கிறது. ஆனால் ஒன்று நிச்சயம்: அதுவரை எங்கள் சங்கக் கூட்டங்களில் மனநலம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. கால் போனவன், கண் போனவன் என்பதோடு எங்கள் உலகம் முடிந்திருந்தது. ஏர்வாடிக்குப் பிறகு அப்படிப் பேச முடியவில்லை. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பும், 1993ல் வந்த பான்யன் அமைப்பும் மனநலத்துக்காகச் செய்துவந்த வேலை எங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் அப்போதுதான்.

சென்னையின் பஸ் வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இயக்கம் எப்படி நடக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் என்னிடம் இல்லை. சாதாரண நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து சுமார் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். காலிப்பர் போட்டவன் அதில் ஏறுவது இப்படி: முதலில் ஊன்றுகட்டையை உள்ளே எறிய வேண்டும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்க வேண்டும். நல்ல காலைப் படியில் வைத்துவிட்டு, பூட்டிய காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். இதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்திருப்பார். இது என் கதை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இந்தக் கதையும் இல்லை. அவருக்குப் பஸ்ஸே இல்லை. தாழ்தளப் பேருந்தில் தளம் சுமார் 400 மில்லிமீட்டர்தான். சாய்தளத்தை விரித்தால் நாற்காலி நேராக உருண்டு உள்ளே போகும். இதைக் கேட்டுச் சென்னைச் செயல்பாட்டாளர்கள் 2000களிலிருந்தே உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். சாலைகள் சரியில்லை, மழையில் தண்ணீர் தேங்கும், விலை அதிகம் என்று அரசுத் தரப்பில் பதில் வந்தது. அவற்றில் ஒன்றுகூடப் பொய்யான காரணம் இல்லை; அதுதான் சிக்கல். பிற்காலத்தில் செயல்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயக்குமார் போட்ட வழக்கில் நீதிமன்றம் தலையிட்டு, உயரத் தளப் பேருந்துகளை மொத்தமாக வாங்குவதற்குத் தடை போட்டு, கணிசமான எண்ணிக்கையில் தாழ்தளப் பேருந்துகளை வாங்க வைத்தது. 2024 ஆகஸ்டில் 58 தாழ்தளப் பேருந்துகள் சென்னையில் ஓடத் தொடங்கின. அந்தப் பஸ்ஸில் இப்போது வயதானவர்களும் கைக்குழந்தைக்காரப் பெண்களும் எவ்வளவு சுலபமாக ஏறுகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். எங்கள் மாவட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை.

இந்த வழக்குகளை நடத்திய சென்னைக் குழுக்களின் வேர், பெற்றோர்களும் சிறப்பு ஆசிரியர்களும் தொடங்கிய அமைப்புகளில் இருக்கிறது. பூனம் நடராஜன் 1985ல் தொடங்கி, பிறகு வித்யா சாகர் என்று பெயர் மாறிய அமைப்பு அதில் முக்கியமானது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்காக ஆரம்பித்தது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து பெரியவர்களாகி, தங்களுக்காகத் தாங்களே பேசத் தொடங்கினார்கள். பேச்சு குழறினாலும் நிறுத்தாமல் பேசினார்கள், தகவல் பலகையில் எழுத்தைச் சுட்டிக்காட்டிப் பேசினார்கள். ஒரு பெற்றோர் அமைப்பு தன் பிள்ளைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது எளிதல்ல. பல இடங்களில் அது நடக்கவே இல்லை.

கிராமத்தில் கதை வேறு. அங்கே வழக்கறிஞரும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் நாள் இருக்கும், அவ்வளவுதான். 2010 வாக்கில் உருவான தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் அந்த இடத்தில்தான் வேர் பிடித்தது. அது இடதுசாரிப் பின்புலம் கொண்ட அமைப்பு, எஸ். நம்புராஜன் போன்றவர்கள் அதன் முகமாக அறியப்பட்டவர்கள். அரசு ‘ஊனமுற்றோர்’ என்பதை விட்டு ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதத் தொடங்கியதும் கிட்டத்தட்ட அதே காலம்தான். கூலி வேலைக்குப் போகிறவர்களின் சங்க முறைகளை அவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு நாள் வேலையில் எங்களுக்கு நான்கு மணி நேர வேலை, முழுக்கூலி, தனி நீல நிற அட்டை என்று கேட்டார்கள். ‘குடியேறும் போராட்டம்’ என்று ஒன்று வைத்தார்கள். பாயும் போர்வையும் மாத்திரை டப்பாவுமாக வந்து அரசு அலுவலக வளாகத்திலேயே உட்கார்ந்துவிடுவது. படுக்கையில் கிடக்கும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் வந்தார்கள். சங்கத்தின் பெயரில் ‘பாதுகாப்போர்’ என்று இருப்பது அவர்களுக்காகத்தான். 2021 பிப்ரவரியில் சென்னையில் நடந்தது பெரிய அளவில் பேசப்பட்டது. அண்டை மாநிலத்தில் 3,000 ரூபாய் கொடுக்கிறார்கள், இங்கே ஏன் 1,000 என்பதுதான் கேள்வி. சான் பிரான்சிஸ்கோவுக்கு இணையாக இங்கே எதையாவது காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அந்த 1,000 ரூபாய்க் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 2016 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஏழு வகை 21 ஆனது, 3 சதவீதம் 4 ஆனது. அதன் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தரும் இதே மாதிரியான உதவித்தொகையைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. ஆனால் வருவாய்த் துறை வழியாக வரும் ஓய்வூதியம் முதியோருக்கும் 1,000, எங்களுக்கும் 1,000 என்றே 2022 கடைசி வரை இருந்தது. சட்டம் வந்து ஐந்து வருடத்துக்கு மேலாகியும்! 2022 டிசம்பர் 3 அன்று அறிவித்து, 2023 ஜனவரி முதல் அது 1,500 ஆனது. அதே ஆண்டில் முதியோருக்கு 1,200 ஆனது. 1,200ல் 25 சதவீதம் கூட்டினால் 1,500. கணக்கு அப்போதுதான் சட்டத்தோடு ஒத்துப்போனது. இதை அரசு கொடுத்தது என்று சொல்வதா, போராடி வாங்கியது என்று சொல்வதா? அறிவித்தவர் முதலமைச்சர். சட்டப் பிரிவைத் தாளில் எழுதி ஒவ்வொரு திங்கட்கிழமையும் நீட்டியவர்கள் யார் என்பது பத்திரிகையில் வராது. ஆந்திரா 2024ல் அதே ஓய்வூதியத்தை 6,000 ஆக்கிவிட்டது. ஆகவே தொகை பற்றிய சண்டை முடியவில்லை.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16.42 லட்சம். 2011ல் 11.80 லட்சம். நாட்டில் மொத்தம் கூடியபோது இங்கே மட்டும் எப்படி நாலரை லட்சத்துக்கு மேல் குறையும்? பார்வைக் குறைபாட்டில் பாருங்கள்: 9.64 லட்சம் 1.27 லட்சமாக ஆகிவிட்டது. யாருக்கும் கண் திரும்பி வந்துவிடவில்லை. கேள்வியும் வரையறையும் மாறின. உதாரணமாக, ஒரு கண்ணில் மட்டும் பார்வையுள்ளவர்களை 2001ல் கணக்கில் எடுத்தார்கள், 2011ல் எடுக்கவில்லை. ஆகவே இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “குறைந்துவிட்டது” என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும்போது மட்டும் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது எங்களுடைய பழைய முறையீடு.

நீதிமன்றம் எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிப் பணிக்கு விண்ணப்பித்த ஓர் அரசு வழக்கறிஞருக்கு 70 சதவீதப் பார்வைக் குறைபாடு. பார்வைக் குறைபாடு 40 முதல் 50 சதவீதம் வரை உள்ளவர்கள் மட்டும்தான் அந்த ஒதுக்கீட்டுக்குத் தகுதி என்று இங்கே வரம்பு வைத்திருந்தார்கள். அவர் நீதிமன்றத்தில் வழக்காடலாம், அதே நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதக் கூடாது! 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வரம்பு சரி என்று சொல்லிவிட்டது. அன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் விழுந்த சோர்வு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2021ல் எழுத்தர் உதவி பற்றிய வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் அடிப்படையையே கேள்வி கேட்டது. 2025 மார்ச் 3 அன்று, பார்வைக் குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி நீதித்துறைப் பணியில் யாரையும் ஒதுக்கக் கூடாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. ஆறு வருடத்தில் நேர் எதிர் இடத்துக்கு வந்தது பெரிய விஷயம்தான். விண்ணப்பித்த அந்த மனிதருக்கு அந்த ஆறு வருடம் திரும்பி வராது.

மெரினா சாய்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் வெற்றி. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாள்களுக்கு மட்டும் தற்காலிகப் பாதை போடுவார்கள். மற்ற நாள்களில் கடலைச் சாலையிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நிரந்தரப் பாதை வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, 2022 நவம்பர் 27 அன்று 1.14 கோடி ரூபாயில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். வேலை வேண்டும், மருந்து வேண்டும் என்று கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது. கடலில் கால் நனைக்க வேண்டும் என்று கேட்டபோது, இதெல்லாம் ஒரு கோரிக்கையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எனக்கு அந்தக் கோரிக்கை மிகவும் பிடித்திருந்தது. பிழைப்புக்கு மட்டுமல்ல, சந்தோஷத்துக்கும் உரிமை உண்டு என்று சொன்ன கோரிக்கை அது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. குறைபாட்டு வகைக்கு ஒரு சங்கம் என்று பிரிந்திருப்பதால் ஒதுக்கீட்டின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் எங்களுக்குள்ளேயே இழுபறி. மேடையில் பெண்கள் குறைவு. மறியலில் முன்வரிசையில் உட்காருவார்கள், நிர்வாகிகள் பட்டியலில் கடைசியில் இருப்பார்கள். காதுகேளாதோர் கூட்டங்களுக்கு வந்தாலும் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பாதியில் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய போராட்டத்துக்குத் தனி வரலாறு உண்டு. அதைச் சைகை மொழியில் வளர்ந்த ஒருவர் எழுதுவதுதான் முறை, என்னைப் போன்ற ஆள் இல்லை. தொழுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன்.

இயக்கம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றும் நீங்கள் கேட்பீர்கள். 80களிலிருந்து சங்கங்களைத் தூக்கி நிறுத்தியவர்களில் போலியோ பாதித்தவர்கள் மிக அதிகம் என்பது என் அனுபவம். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் வந்த கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. அதற்குப் பிறகு புதிதாக எங்களைப் போல் அநேகமாக யாரும் வரவில்லை; அதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஆனால் எங்கள் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இப்போது சங்கத்துக்கு வருகிறவர்கள் சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட இளைஞர்கள், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள். அவர்களுடைய தேவை வேறு. சக்கர நாற்காலியை விட உதவியாளர் ஊதியத்தைக் கேட்கிறார்கள், சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதம் வராததால் அட்டை கிடைக்காமல் நிற்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் முகாமில் ஓர் அம்மா தன் பத்து வயதுப் பையனை உட்கார வைக்க முடியாமல் வராண்டாவில் ஓடிக்கொண்டே இருப்பார். உள்ளே போனதும் அவன் சில நிமிடம் அமைதியாக இருந்துவிடுவான். அந்தச் சில நிமிடத்தை வைத்து மதிப்பீடு எழுதப்படும். இதை மாற்றுவதற்கு நாங்கள் பழகிய மறியல் மட்டும் போதாது. மதிப்பீட்டு விதிமுறைகளைப் படித்துப் பேசும் ஆட்கள் வேண்டும்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கச் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. நியமனம்தான், தேர்தல் இல்லை. ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்கள் மட்டும் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது என்று சொல்கிறவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு ஊராட்சிக் கூட்டத்திலும் எங்களில் ஒருவர் உட்காருவது இதுவரை இல்லாதது. கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா என்ற கேள்வி முதல் நாளே வந்துவிடும். அதற்கு ஒரு பிடிமானமும் கிடைத்திருக்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக இருக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று சொல்லிவிட்டது. நீங்கள் எந்த மாவட்டம் என்று எழுதவில்லை. உங்கள் ஊராட்சியில் யாரையாவது நியமித்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள். கட்டடத்தில் சாய்தளம் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பையும் 2016 சட்டத்தையும் குறிப்பிட்டுக் கலெக்டருக்கு ஒரு மனுப் போடுங்கள். மனுவுக்கு ரசீது கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.